வேலையில்லாமல் இருக்கவும் வசதி வேண்டும்

(பெருங்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

தலைப்புக்குள் நேராகவே போய்விடுகிறேன். முதலில் ஐந்து எண்கள். 2024-ல் அமெரிக்காவின் வேலையின்மை விகிதம் ஆண்டுச் சராசரியாக 4.0 சதவீதம். அதே ஆண்டில் ஜெர்மனிக்கு 3.4, ஜப்பானுக்கு 2.5. இலங்கைக்கு 2023-ல் 4.7. இந்தியாவுக்கு, 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 3.2. இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நாட்டில் வேலை தேடிப் போவது நல்லது என்று ஒருவர் முடிவு செய்தால், அமெரிக்கர்கள் விசாவுக்காக நம் தூதரகங்களின் வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். நிலைமை அப்படி இல்லை என்பதற்குப் பழைய மாமல்லபுரம் சாலையான இந்த ஓ.எம்.ஆரில் யாரிடமும் சாட்சி கேட்க வேண்டியதில்லை. ஐந்து எண்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. எல்லாமே முறையாக எடுத்தவை, எல்லாமே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் இலக்கணத்தை ஏறக்குறைய ஒட்டி நடப்பவை. ஆனாலும் அவை ஒரே பொருளை அளக்கவில்லை. உதவித்தொகையும் காப்பீடும் உள்ள நாட்டில் வேலையின்மை விகிதம் வேலைச் சந்தையின் நிலையைச் சொல்லும். அவை இல்லாத நாட்டில், சும்மா இருக்க யாருக்குக் கட்டுப்படியாகிறது என்பதையே முக்கியமாகச் சொல்லும். நான் இன்று நிறுவ விரும்புவது இது ஒன்றைத்தான்.

அந்தச் சர்வதேச இலக்கணப்படி, வேலையற்றவர் என்று கணக்கில் ஏற ஒருவர் மூன்று சோதனைகளைத் தாண்ட வேண்டும். குறிப்பிட்ட காலத்தில் அவர் எந்த வேலையும் செய்திருக்கக் கூடாது. வேலை கிடைத்தால் சேரத் தயாராக இருக்க வேண்டும். வேலையைத் தேடியிருக்க வேண்டும். இதில் முதல் சோதனைதான் கடினமானது. ஒரு வாரம் முழுக்க எந்த வேலையும் செய்யாமல் இருப்பதென்றால் அந்த வாரச் சாப்பாட்டை வேறு யாராவது போட வேண்டும். பிரிட்டனில் 1911-ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டமும், அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் அந்தப் பொறுப்பில் ஒரு பங்கை அரசின் தலையில் ஏற்றின. அதனால்தான் அமெரிக்காவில் வாரந்தோறும் வியாழக்கிழமை வெளியாகும் காப்பீட்டு விண்ணப்ப எண்ணிக்கை ஒரு பொருளாதாரக் குறியீடாகவே பார்க்கப்படுகிறது. 2020 மார்ச் கடைசியில் ஒரே வாரத்தில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். நம் ஊரில் இ.எஸ்.ஐ. உறுப்பினராக இருந்து வேலை இழந்தவருக்கு 2018-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில் 90 நாள் வரை உதவி உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்த பட்டதாரிக்குத் தமிழக அரசு தரும் உதவித்தொகை மாதம் 600 ரூபாய். 600 ரூபாயில் சென்னையில் ஒரு மாதம் யாரும் வேலை தேட முடியாது. ஆக இங்கே வேலையற்றவராக இருப்பதற்குப் பெற்றோரின் ஓய்வூதியமோ, அண்ணனின் சம்பளமோ, சொந்த வீடோ தேவை. அவை இல்லாதவர் கிடைத்ததைச் செய்கிறார். செய்த உடனே, கணக்கில் அவர் வேலையுள்ளவர்.

இதை இந்த ஓ.எம்.ஆர். சாலையிலேயே வைத்துப் பார்க்கலாம். இந்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு 2017-ல் தொடங்கியது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் பி.எல்.எஃப்.எஸ். என்பார்கள். கணக்கெடுப்பாளரின் கையில் இருக்கும் படிவத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு இரண்டிலக்க எண் உண்டு. பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் புராஜெக்ட் எதுவும் இல்லாமல் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் பொறியாளருக்கு எண் 31, அதாவது மாதச் சம்பளக்காரர். அதே கட்டடத்தில் கான்ட்ராக்டர் மூலமாக ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் 31. இரண்டு பேருக்கும் எண் ஒன்றுதான், பெயர்ப்பட்டையின் நிறம்தான் வேறு. கீழே கேட்டுக்கு வெளியே பையை மாட்டிக்கொண்டு ஆர்டருக்காக வண்டியில் சாய்ந்து நிற்கும் டெலிவரி இளைஞர், கம்பெனி அவரைப் பங்காளர் என்று அழைப்பதால், பெரும்பாலும் 11 என்று பதிவாவார்: தன் கணக்கில் தொழில் செய்பவர். குப்பைக் கிடங்குப் பக்கம் பிளாஸ்டிக் பொறுக்கி எடைக்குப் போடுபவருக்கும் 11-தான். பக்கத்துச் சந்தில் தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டிருப்பவர் 11. காலையில் மாவைக் கரைத்துச் சட்னி அரைத்து, கடை முடிந்ததும் பாத்திரம் கழுவும் அவர் மனைவி 21, ஊதியமில்லாக் குடும்ப உதவியாளர். வேலையற்றவருக்கு உரிய எண் 81. இந்தச் சாலையில் அந்த எண்ணுக்கு ஆள் தேட வேண்டுமானால், அடுக்குமாடி வீட்டில் அப்பாவின் சம்பளத்தில் இருந்துகொண்டு நேர்காணலுக்குத் தயாராகும் புதுப் பட்டதாரியிடம் போக வேண்டும். சந்தில் இருப்பவர்களிடம் அந்த எண் அரிது.

இட்லிக் கடைக்காரரின் மனைவியிடமே கொஞ்சம் நிற்கிறேன். அவர் நாளுக்கு ஒரு மணி நேரம் கடைக்கு உதவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஏழு மணி நேரம். நம் வாரக் கணக்கின்படி ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் உழைத்தாலே போதும், அவர் வேலையுள்ளவர். ஆண்டுக் கணக்கின்படி பார்த்தால், வருடத்தில் 30 நாள் அப்படி உதவியிருந்தாலே துணைத் தொழில் உடையவராகிப் பணியாளர் பட்டியலில் ஏறிவிடுவார். இதே பெண் அமெரிக்காவில் இருந்தால் ஏற மாட்டார். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர் வாரத்துக்கு 15 மணி நேரமாவது உழைத்தால்தான் அந்த நாட்டின் மாதாந்திரக் கணக்கெடுப்பு அவரைப் பணியாளர் என்று ஏற்கும். ஜெர்மனியில் கதை இன்னும் வேறு. அங்கே வேலைவாய்ப்பு முகமையில் பதிந்துகொண்டவர் வாரம் 15 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை பார்த்தாலும் வேலையற்றவர் பட்டியலிலேயே நீடிக்கலாம். அதனால் ஜெர்மனிக்கு இரண்டு விகிதங்கள் உண்டு: 2024-ல் முகமையின் பதிவேட்டுக் கணக்கு 6.0, சர்வதேச இலக்கணப்படியான கணக்கு 3.4. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கே இரண்டையும் வெளியிடுகிறார்கள், எது எதற்கு என்று செய்தி படிப்பவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் நெருக்கடி வரும்போது என்ன ஆகிறது? என் வாதத்துக்கு இதுதான் உண்மையான சோதனை. வேலையின்மை விகிதம் வேலைச் சந்தையின் காய்ச்சலை அளக்கும் வெப்பமானி என்றால், 2020-ல் அது ஏறியிருக்க வேண்டும். அமெரிக்காவில் ஏறியது: ஏப்ரல் மாதம் 14 சதவீதத்தைத் தாண்டியது. இந்தியாவில் கொரோனா ஊரடங்கின் முதல் மூன்று மாதங்களையும் உள்ளடக்கிய 2019-20 கணக்கெடுப்பு ஆண்டில், வழக்கநிலை எனப்படும் ஆண்டுக் கணக்கின் வேலையின்மை விகிதம் முந்தைய ஆண்டின் 5.8-லிருந்து 4.8-ஆகக் குறைந்தது. அடுத்த ஆண்டு, இரண்டாம் அலையின் ஆண்டு, 4.2-ஆக மேலும் குறைந்தது. சென்னையிலிருந்தும் சூரத்திலிருந்தும் டில்லியிலிருந்தும் லட்சக்கணக்கானோர் மூட்டையோடு ஊர் திரும்பிய காலம் அது. திரும்பியவர்கள் ஊரில் அப்பாவின் நிலத்தில் இறங்கினார்கள், ஏற்கெனவே மூன்று பேர் செய்த வேலையை ஐந்து பேர் செய்தார்கள், ஐவரும் பணியாளர்கள். நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: அதே கணக்கெடுப்பின் நகர்ப்புற வாரக் கணக்கு, 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் 20 சதவீதத்தைத் தாண்டி உண்மையைக் காட்டிவிட்டது. நகரத்தில், வார அளவில், எல்லாமே பூட்டிக் கிடந்தபோது காட்டியது. ஆண்டுக் கணக்கில் அது கரைந்து போயிற்று.

இலங்கைச் சான்று இதைவிடக் கூர்மையானது. 2022-ல் அந்நாட்டுப் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை, எரிவாயு இல்லை, மருந்து இல்லை. உலக வங்கியின் கணிப்பில் வறுமை 2019-ஐ விட இரண்டு மடங்குக்கு மேல் கூடி நான்கில் ஒருவரைத் தொட்டது. வேலையின்மை விகிதமோ 2021-ல் 5.1, 2022-ல் 4.7. குறைந்துவிட்டது! விளக்கம் எளிது. அந்த ஓராண்டில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து வெளியேறினார்கள்; சிலர் வேலை தேடுவதையே விட்டுக் கணக்கிலிருந்து விலகினார்கள்; மிச்சமிருந்தவர்கள் கிடைத்ததைச் செய்தார்கள். யாழ்ப்பாணத்திலோ ஹட்டனிலோ அந்த வருடத்தை வாழ்ந்தவரிடம் 4.7 என்ற எண்ணைக் காட்டினால் அவர் சிரிக்கக்கூட மாட்டார்.

இதற்குப் புள்ளியியல் அறிஞர்கள் ஒரு வலுவான மறுப்புச் சொல்வார்கள். ஒரு மணி நேர விதி அசட்டுத்தனம் அல்ல. அந்த ஒரு மணி நேரத்தில் விளைந்ததும் நாட்டு உற்பத்திக் கணக்கில் சேர்கிறது, ஆகவே அதை விளைவித்தவரும் உழைப்பாளர் கணக்கில் சேர வேண்டும். இல்லையென்றால் இரண்டு கணக்கும் ஒட்டாது. தவிர, உலகம் முழுக்க ஒரே விதி இருந்தால்தான் நாடுகளை ஒப்பிட முடியும். முதல் பகுதியை முழுக்க ஏற்கிறேன். விதியை மாற்றச் சொல்வது என் நோக்கமே இல்லை. இரண்டாம் பகுதியில்தான் எனக்கு உடன்பாடில்லை. விதி ஒன்றாக இருப்பதாலேயே பொருள் ஒன்றாகிவிடாது. விதியை எழுதிய நாடுகள் அந்த ஒற்றை எண்ணோடு நிற்பதும் இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் மாதந்தோறும் ஆறு விதமான அளவுகளை வெளியிடுகிறது. ஆறாவதில், தேடிச் சலித்து நிறுத்தியவர்களும், முழுநேர வேலை வேண்டியும் பகுதிநேரத்தில் மாட்டிக்கொண்டவர்களும் சேர்கிறார்கள். ஜப்பானில் வேலையின்மை 2.5 என்று மகிழ்பவர்கள் அடுத்த வரியிலேயே, பணியாளர்களில் மூன்றில் ஒருவருக்கும் அதிகமானோர் நிரந்தரமற்றவர்கள் என்ற எண்ணையும் படிக்கிறார்கள். துணை எண்களோடு படித்தால் தலைமை எண் பாதகமில்லை. நாமோ தலைமை எண்ணை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

இத்தனைக்கும் இந்தப் பாடத்தை நாம் வெளியிலிருந்து கற்க வேண்டியதே இல்லை. எம்.எல். தந்த்வாலா தலைமையிலான வல்லுநர் குழு 1970-லேயே சொல்லிவிட்டது: இந்தியா போன்ற, குடும்பத் தொழில்களால் ஆன பொருளாதாரத்தில் வேலையின்மையை ஒற்றை எண்ணில் அடைக்கக் கூடாது. 1972-73 முதல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு ஆண்டு, வாரம், நாள் என்று மூன்று கண்ணாடிகள் வழியாகப் பார்க்கத் தொடங்கியது அந்தக் குழுவின் அறிவுரையால்தான். 1975-ல் வந்த தம் நூலில் அமர்த்தியா சென், ஒரு வேலை மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார்: அது வருமானம் தருகிறதா, பொருள் விளைவிக்கிறதா, செய்பவருக்கு மதிப்பைத் தருகிறதா. நம் 21-ஆம் எண்ணுக்கு இரண்டாவது கேள்வியில் மட்டும்தான் தேர்ச்சி.

அந்த 21-ஆம் எண்தான் இப்போது பெரும் அரசியல் பெருமிதத்துக்குக் காரணமாகியிருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதம் 2017-18-ல் 23.3 சதவீதம், 2023-24-ல் 41.7. ஆறே ஆண்டில் இவ்வளவு ஏற்றம் எந்தப் பெரிய நாட்டிலும் எளிதில் காணக் கிடைக்காது. ஆனால் அதே கணக்கெடுப்பைப் பிரித்துப் பாருங்கள். 2023-24-ல் உழைக்கும் பெண்களில் நூற்றுக்கு 67 பேர் சுயதொழில். அந்த 67 பேரில் 37 பேர் ஊதியமே இல்லாத குடும்ப உதவியாளர்கள். மத்திய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே இன்னொரு கணக்கைத் தருகிறது. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால், சுயதொழில் செய்யும் பெண்ணின் சராசரி மாத வருமானம் 2017-18-ல் 4,348 ரூபாய், 2023-24-ல் 2,950 ரூபாய். 32 சதவீத வீழ்ச்சி. ஆண்களுக்கு 9,454-லிருந்து 8,591. ஒரு சந்தையில் ஆட்களுக்குத் தேவை கூடியதால் பெண்கள் உள்ளே வந்திருந்தால் கூலி ஏறியிருக்க வேண்டும். கூலி இறங்கி, ஆட்கள் கூடினால், வந்தவர்கள் அழைப்பின் பேரில் வரவில்லை. வீட்டுக் கணக்கு இடித்ததால் வந்திருக்கிறார்கள்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும், இரண்டும் அலட்சியப்படுத்தத் தக்கவை அல்ல. ஒன்று: இந்தப் பெண்கள் முன்பும் உழைத்தார்கள், இப்போதுதான் கணக்கெடுப்பாளர் சரியாகக் கேட்கிறார். இது சாத்தியமே. அமெரிக்காவிலும் 1994 வரை படிவத்தின் கேள்வி, போன வாரம் பெரும்பாலும் என்ன செய்தீர்கள், வேலையா, வீட்டைப் பார்த்துக்கொள்வதா என்ற பாணியில்தான் இருந்தது. கதவைத் திறந்தது இல்லத்தரசிபோலத் தெரிந்தால் வீட்டு வேலைதான் முதலில் வரும். அந்த ஆண்டு கேள்வியைத் திருத்தினார்கள். நம் ஏற்றத்தில் ஒரு பங்கு அப்படி அளவுகோல் திருந்தியதால் வந்தது என்றே எடுத்துக்கொண்டாலும், அது பழைய உழைப்பு கண்ணுக்குத் தெரிந்த கதையாகுமே தவிர, புதிய வேலை பிறந்த கதையாகாது. மேடையில் சொல்லப்படுவது இரண்டாவது கதை. அடுத்த மறுப்பு: புதிதாக வந்தவர்கள் நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் உழைப்பதால் சராசரி இறங்குகிறது; பழையவர்களின் வருமானம் குறைந்ததாகாது. ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அப்படி ஒப்புக்கொண்டால், 41.7 என்ற விகிதத்தில் முழுநாள் உழைப்பும் இரண்டு மணி நேர உழைப்பும் ஒரே எடையில் நிற்கின்றன என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். நான் சொல்ல வந்ததும் அதுதான்.

எதிர்ப்பக்கத்துச் சான்றுகளையும் மறைக்கக் கூடாது. தினக்கூலி ஏறியிருக்கிறது: அதே ஆய்வறிக்கையில், விலையேற்றம் போக, ஆணுக்கு 203-லிருந்து 242, பெண்ணுக்கு 128-லிருந்து 159. விவசாயம் அல்லாத துறைகளில் மாதச் சம்பளம் வாங்குபவர்களில் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாதவர்கள் 71 சதவீதத்திலிருந்து 58-ஆகக் குறைந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை படம் சற்று வேறு. 2019-20 தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி இந்தியத் தொழிற்சாலைகளின் பெண் தொழிலாளர்களில் 43 சதவீதம் பேர் இந்த ஒரு மாநிலத்தில் இருந்தார்கள். திருப்பூர், ஆம்பூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று அந்தப் பெண்களின் ஊர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். அவர்களுக்குச் சம்பள நாள் உண்டு, பி.எஃப். எண் உண்டு, தனி வங்கிக் கணக்கு உண்டு. பங்கேற்பு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உதாரணம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கும்போது, 21-ஆம் எண்ணைக் காட்டி மனநிறைவு கொள்வது எனக்குச் சம்மதமில்லை.

கணக்கெடுப்பு வேண்டாம், பதிவேடுகளையே நம்பலாமே என்பார்கள் சிலர். இங்கே பதிவேடுகள் இரண்டு திசையிலும் ஏமாற்றும். 2018 முதல் மத்திய அரசு மாதந்தோறும் வெளியிடும் பி.எஃப். எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 19 பேர் இருந்த கம்பெனியில் இருபதாவது ஆள் சேர்ந்ததும் அது சட்டத்துக்குள் வருகிறது. உருவானது ஒரு வேலை, ஏட்டில் ஏறுவது இருபது பேர். முறைப்படுத்தல் நல்ல காரியம்தான், ஆனால் அது வேலைப் பெருக்கம் அல்ல. எதிர்த் திசையில் நம் வேலைவாய்ப்பு அலுவலகம். 2023 வாக்கில் தமிழகத்தில் சுமார் 67 லட்சம் பேர் பதிந்து காத்திருந்தார்கள். கணக்கெடுப்பு சொல்லும் 3.5 சதவீத வேலையின்மையை, மாநிலத்தின் தொழிலாளர் படையைத் தோராயமாக மூன்றரைக் கோடி என்று வைத்துப் பெருக்கினால் 12 லட்சத்தைச் சுற்றித்தான் வரும். இடைவெளியில் நிற்கும் 55 லட்சம் பேர் யார்? பள்ளி முடித்த கையோடு எம்ப்ளாய்மென்ட்டில் பதிந்துவிட்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே, கடையிலும் கம்பெனியிலும் வேலை பார்ப்பவர்கள்; கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள்; வீட்டுப் பொறுப்பில் இருப்பவர்கள். ஜெர்மனியில் பதிவது இன்றைய உதவிக்காக. இங்கே பதிவது சீனியாரிட்டிக்காக.

ஆனாலும் அந்த வரிசையைக் கேலி செய்து ஒதுக்க முடியாது. 2022 ஜூலையில் நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு, முதலில் அறிவிக்கப்பட்ட 7,301 இடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். 2024-ல் 6,244 இடங்களுக்கு 20 லட்சம். இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் வேலைகள் இவை. விண்ணப்பித்தவர்களில் பெரும்பகுதியினர் நம் கணக்கெடுப்பில் வேலையுள்ளவர்கள் அல்லது மாணவர்கள்; 81 என்ற எண் அவர்களில் பலருக்கு இருக்காது. ஒரு மாநிலத்தின் உழைக்கும் இளைஞர்கள் கூட்டமாக வந்து, இப்போது இருக்கும் வேலையை வேலை என்று நாங்கள் கருதவில்லை என்று தேர்வுக் கட்டணம் கட்டிச் சொல்கிறார்கள். அரசு வேலை மோகம் என்று இதைத் திட்டுவது எளிது. அவர்கள் தேடுவது ஒன்றாம் தேதி வரும் சம்பளம், மருத்துவ விடுப்பு, நாளைக்கும் இருக்கும் என்ற உறுதி. தனியார் துறை அதைக் கொடுத்தால் மோகம் தானாகத் தணியும். எண்பதுகளில் வங்கித் தேர்வுக்கு முண்டியடித்த மயிலாப்பூர்க் குடும்பங்களின் பிள்ளைகள் பிறகு டைடல் பார்க்கின் ஐ.டி. கம்பெனிகள் பக்கம் திரும்பியது இப்படித்தான்.

எண்களைப் பற்றிப் பேசும்போது அவற்றை வெளியிடுபவர்களின் கதியையும் சொல்ல வேண்டும். 2023 ஜூனில் சீனாவின் நகர்ப்புற இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதத்தைத் தொட்டது. ஆகஸ்டில் அந்த எண்ணை வெளியிடுவதையே நிறுத்தினார்கள். 2024 ஜனவரியில் மாணவர்களைக் கழித்துவிட்டு 14.9 என்ற புதிய எண்ணோடு திரும்பினார்கள். 2025 ஆகஸ்ட் முதல் தேதி, முந்தைய மாதங்களில் உருவான வேலைகளின் எண்ணிக்கை கீழ்நோக்கித் திருத்தப்பட்ட அன்றே, அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் ஆணையர் எரிக்கா மெக்என்டார்ஃபரை அதிபர் டிரம்ப் பதவி நீக்கினார். நாமும் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. நம் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் முதல் அறிக்கை 2019 தேர்தலுக்கு முன் வெளியிடப்படாமல் கிடந்தது. அதை எதிர்த்து அந்த ஆண்டு ஜனவரியில் பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து விலகினார்கள். வாக்கு எண்ணி முடிந்து புதிய அரசு பதவியேற்ற மறுநாள், மே 31 அன்று, 6.1 என்ற எண் அதிகாரபூர்வமாக வந்தது. ஒற்றை எண்ணின் மேல் அரசியல் எடை முழுவதையும் ஏற்றினால் அதை மறைக்கவும் திருத்தவும் ஆசை வரத்தான் செய்யும். பத்து எண்கள் சேர்ந்து ஒரு கதையைச் சொன்னால் பத்தையும் மறைப்பது கடினம்.

கடைசி மறுப்புக்கு வருகிறேன். எண்கள் பெருகினால் மக்களுக்குக் குழப்பம், ஆட்சியாளருக்கு வசதி. வேண்டியதை எடுத்துக் காட்டித் தப்பித்துக்கொள்வார்கள் என்பது அது. பத்து எண்களையும் எல்லோரும் படிக்க வேண்டாம். வேலையின்மை விகிதம் எந்தச் செய்தியில் வந்தாலும் அதன் பக்கத்தில் மூன்றே எண்கள் வந்தால் போதும்: வாரத்துக்குச் சராசரியாக எத்தனை மணி நேர உழைப்பு, விலையேற்றம் போகக் கையில் என்ன வருமானம், பணியாளர்களில் ஊதியமில்லாதவர்கள் எவ்வளவு பேர். மூன்றும் ஏற்கெனவே கேட்கப்படும் கேள்விகள், புதிய செலவு இல்லை. இந்த மூன்றும் இருந்திருந்தால் 2019-20-ன் 4.8 யாரையும் ஏமாற்றியிருக்காது.

2025 ஜனவரியிலிருந்து கணக்கெடுப்பைத் திருத்தி அமைத்திருக்கிறார்கள். மாதாமாதம் எண் வருகிறது. முதல் மாத எண், ஏப்ரல் 2025-க்கு, 5.1. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீடுகள் என்றிருந்த மாதிரி சுமார் 2.7 லட்சம் வீடுகளாக விரிந்திருக்கிறது. மாவட்டமே அடிப்படை அலகாகவும் ஆகியிருக்கிறது. இது பெரிய வாய்ப்பு. மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை விரும்பினால் சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் நான் சொன்ன மூன்று எண்களையும் ஆண்டுதோறுமாவது வெளியிட முடியும். வெளியிட வேண்டும். அரசிடம் என் கோரிக்கை அது.

உங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. பிரிட்டனில் வீடுகள் பதில் சொல்வதை நிறுத்தின. தொழிலாளர் கணக்கெடுப்புக்குப் பதில் தந்தவர்கள் ஏறக்குறைய 17 சதவீதமாகச் சரிந்தபோது, 2023 அக்டோபரில் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் அந்த மதிப்பீடுகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. இந்தச் சாலையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அடையாள அட்டையோடு வரும் கணக்கெடுப்பாளர் கேட்டைத் தாண்டுவதே கஷ்டம். சந்தில் இருப்பவர் பதில் சொல்லி, பத்தாவது மாடியில் இருப்பவர் சொல்லாவிட்டால், பெஞ்சில் இருப்பவரும் ராஜினாமா செய்யச் சொல்லப்பட்டவரும் எந்த ஏட்டிலும் வர மாட்டார்கள். உங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கணக்கெடுப்பாளர் வந்தால் அட்டையைச் சரிபார்த்து உள்ளே விடும்படி செக்யூரிட்டியிடம் சொல்லி வையுங்கள். அரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் உண்மையில் எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள் என்று பதில் சொல்லுங்கள்.